சப்டைட்டிலோடு அனிமே டிஸ்க் வாங்குவது எப்படி: கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், டிஸ்க்கில் வாங்க நினைக்கிற எல்லோரும் தொடரைத் தேடுவதில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எது மலிவு, எந்தப் பெட்டி அழகு, யார் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்று. நம்ம ஊரில் இருந்துகொண்டு அப்படி ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. வாங்கப்போகும் டிஸ்க் எதில் ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டியெல்லாம் அப்புறம்.

ஏனென்றால் இது இங்கே கடையேறி வாங்கும் சரக்கே இல்லை. மோசர் பேர் டிவிடி மளிகைக்கடை வாசலில்கூடத் தொங்கிய காலத்திலேயே அனிமே தொடர் முழுசாகக் கிடைத்ததில்லை. இப்போது காந்திபுரத்தில் போய் "ஏனுங்க, அனிமே டிஸ்க் இருக்குதுங்களா" என்று கேட்டால், முன்னாள் சிடி கடைக்காரர் மொபைல் கவருக்கு நடுவில் இருந்து தலையைத் தூக்கி ஒரு மாதிரி பார்ப்பார். ஆகவே வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டும். வெளிநாட்டு டிஸ்க் என்றாலே மண்டலப் பூட்டு என்ற ஒரு சமாச்சாரம் கூடவே வரும்: ஒரு மண்டலத்துக்கு விற்ற டிஸ்க் வேறு மண்டலத்து ப்ளேயரில் ஓடாது.

டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து வைத்தார்கள். அமெரிக்கா 1, ஜப்பானும் பிரிட்டனும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா 4, நாம் 5, சீனா 6. புளூ-ரேக்கு மூன்றே மண்டலம்: அமெரிக்கா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏ, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, சீனா, ரஷ்யா சி. சி மண்டலத்துக்கென்று ஆங்கில சப்டைட்டில் போட்டு அனிமே தொடரை அச்சடித்துத் தருபவர் யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில சப்டைட்டில் உள்ள சரக்கில் பெரும்பங்கு அமெரிக்காவில் வருகிறது, அதாவது ஏ. அதற்கு அடுத்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, இரண்டும் பி. இங்கே ஷோரூமில் வாங்கிய புளூ-ரே ப்ளேயர் சி. அமெரிக்க டிஸ்கை அதில் போட்டால் இந்த மண்டலத்தில் ஓடாது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கும். மண்டலப் பூட்டே இல்லாமல் வரும் டிஸ்க்குகளும் உண்டு, அதை நம்பி மட்டும் ஒரு தொகுப்பு சேர்க்க முடியாது. 4கே டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது, ஆனால் அனிமே தொடர்கள் அந்த வடிவத்தில் வருவது குறைவு. வந்தாலும் அதே பெட்டிக்குள் கூட வரும் சாதா புளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம்.

சரி, என்னதான் வழி? டிவிடி மட்டும் போதும் என்றால் கவலையே இல்லை. இங்கே கிடைக்கும் சாதாரண டிவிடி ப்ளேயர்களில் பல மண்டலத்தைக் கண்டுகொள்வதே இல்லை, கண்டுகொள்வதையும் ரிமோட்டில் சில எண்களை அழுத்தித் திறந்துவிடலாம். உங்கள் மாடல் பெயரைப் போட்டுத் தேடினாலே அந்த எண்கள் வந்துவிடும். என்டிஎஸ்சி, பால் (PAL) என்று நாட்டுக்கு நாடு மாறும் டிவி முறைத் தகராறும் இங்கே பெரிதாக இல்லை. நம் ப்ளேயரும் டிவியும் பொதுவாக இரண்டையும் வாங்கிக்கொள்ளும். பிரிட்டன், ஆஸ்திரேலிய டிவிடிகளில் பல பால் முறைக்காக நான்கு சதவீதம் வேகமாக ஓடும். பாட்டு காதில் பழகியவர்களுக்கு அது உறுத்தும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

புளூ-ரே வேண்டும் என்றால் மூன்று வழி. ஏ மண்டல ப்ளேயர் ஒன்றை அமெரிக்காவில் இருந்து வரவழைப்பது முதல் வழி. இதில் ஒரே ஒரு விஷயத்தைப் பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்துவிடுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் வெறும் பின் மாற்றி போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது, சொருகிய நிமிடமே புகைந்துவிடும். மண்டலப் பூட்டை எடுத்துவிட்டு விற்கும் ப்ளேயர் இரண்டாவது வழி, விலை எச்சாகத்தான் இருக்கும், ஆனால் ஏ, பி இரண்டையும் வாங்கிக் குவிக்கப்போகிறவருக்கு இதுதான் நிம்மதி. மூன்றாவது, கம்ப்யூட்டரில் யுஎஸ்பி புளூ-ரே டிரைவ். புளூ-ரே மண்டலத்தைக் கம்ப்யூட்டரில் கவனிப்பது ப்ளேயர் மென்பொருள், அதை ஏ என்று வைத்துக்கொள்ளலாம். டிவிடி மண்டலத்தைக் கவனிப்பது டிரைவே. அதை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதோடு அப்படியே நின்றுவிடும், அதனால் விளையாட்டுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். விஎல்சி என்ற ப்ளேயர் மென்பொருள் இலவசம்தானே என்று அதை நம்பி டிரைவ் வாங்க வேண்டாம். டிவிடிக்கு அது அருமை, கடையில் விற்கும் புளூ-ரே டிஸ்க்கின் பூட்டை அதனால் தானாகத் திறக்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் ப்ளேயர் மென்பொருள் ஒன்று தேவைப்படும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிளேஸ்டேஷன் இருக்கிறதே என்பார்கள். கேம் டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடுகிறது என்பதற்காகப் பட டிஸ்க்கும் ஓடும் என்று நினைக்க வேண்டாம், படத்துக்கு மெஷின் விற்கப்பட்ட நாட்டின் மண்டலம்தான். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் என்றால் பேச்சே இல்லை.

டிவிடியா புளூ-ரேயா என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. 1990களின் தொடர்கள் பிலிமில் எடுத்தவை. அந்தப் பிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்து புளூ-ரே போட்டால் டிவிடிக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1998இல் வந்த 'கௌபாய் பீபாப்' அந்த வகை. 2000க்குப் பிறகு சில வருடங்கள் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி, அந்தக் கால டிவியின் அளவுக்கே செய்து முடித்த தொடர்கள் நிறைய. 2002இல் தொடங்கிய 'நருட்டோ'வின் 220 எபிசோடும் அந்தக் கணக்கில் வருவதுதான். அவற்றின் புளூ-ரே என்பது சின்னப் படத்தைப் பெரிதாக்கியது, அதற்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க நான் மாட்டேன். அதற்குப் பின்னால் வந்தவை எல்லாமே புளூ-ரேதான், யோசிக்கவே வேண்டாம்.

இப்போது பெட்டிக்கு வருவோம். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது மாதிரி, அனிமே பெட்டிக்குப் பின் அட்டையைப் பார்க்க வேண்டும். ஆன்லைனில் பின் அட்டைப் படம் போடாத ஆளிடம் வாங்காதீர்கள், கேட்டால் எடுத்து அனுப்பட்டும். கீழ் ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு பட்டி இருக்கும், எல்லாம் அதில்தான். ஒலி: ஜப்பானியம், ஆங்கிலம். சப்டைட்டில்: ஆங்கிலம். டிஸ்க் எத்தனை, மொத்தம் எத்தனை நிமிடம், எந்த மண்டலம். ஒலியில் ஜப்பானியம் என்ற சொல் இல்லை என்றால் அந்தப் பெட்டி உங்களுக்கானது இல்லை, முன் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் சரி. குழந்தைகளுக்கு என்று விற்ற தொடர்களில் இந்தப் பிரச்சினை அதிகம். அமெரிக்காவில் விற்கும் போக்கிமான் டிவி தொடர்ப் பெட்டிகளில் ஆங்கில டப்பிங் மட்டும்தான், ஜப்பானிய ஒலி கிடையாது.

சப்டைட்டில் ஆங்கிலம் என்று போட்டிருந்தாலும் அது என்ன வகை என்று பார்க்க வேண்டும். காது கேளாதவர்களுக்கான எழுத்து என்று குறிப்பிட்டிருந்தால் அது பெரும்பாலும் ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுதியது. ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் அவன் ஒரு சொல் பேசியிருப்பான், கீழே இரண்டு வரி ஓடும். டப்டைட்டில் என்று இதற்குப் பெயரே இருக்கிறது, பழைய டிவிடிகளில்தான் தொல்லை அதிகம். அதே மாதிரி, திரையில் தெரியும் பெயர்ப் பலகைகளுக்கும் பாட்டுக்கும் மட்டும் என்று ஒரு சப்டைட்டில் தடம் இருக்கும், அது டப்பிங்கில் பார்ப்பவர்களுக்கு. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் வசனத்துக்கு ஒரு எழுத்தும் வராது. இதையெல்லாம் கடைக்காரர் விவரத்தில் எழுத மாட்டார், வாங்கியவர்களின் விமர்சனத்தில் சப்டைட்டில் என்ற சொல்லைத் தேடிப் படித்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள்.

நிமிடக் கணக்கு ரொம்ப உபயோகம். ஒரு எபிசோடு விளம்பரம் போக 24, 25 நிமிடம். 13 எபிசோடு என்றால் 325 நிமிடம் போல வர வேண்டும், 26 என்றால் 650. 26 எபிசோடு தொடரை முழுத் தொடர் என்று விற்பவர் பெட்டியில் 325 போட்டிருந்தால் அது பாதித் தொடர். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஒரு சீசனை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வெட்டி விற்று, வருடம் இரண்டு போன பிறகு இரண்டையும் ஒட்டுக்கா ஒரே பெட்டியில் குறைந்த விலைக்குப் போடும் வழக்கம் உண்டு. அவசரம் இல்லாதவர் அந்த முழுப் பெட்டிக்குக் காத்திருக்கலாம். லிமிடெட் எடிஷன் என்று தடித்த அட்டைப்பெட்டி, படப் புத்தகம், போஸ்ட்கார்டு எல்லாம் வைத்து முதலில் வருவதும், அப்புறம் சாதாப் பெட்டியில் வருவதும் பெரும்பாலும் அதே டிஸ்க்தான். அட்டை மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள், கடல் தாண்டி வருவதற்குள் அந்த அட்டையின் மூலை நசுங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சில தொடர்களுக்கு எந்தப் பதிப்பு என்பதே முழுக் கதை. 1995இல் தொடங்கிய 26 எபிசோடு 'எவாஞ்சலியன்' 2019இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பைப் புதிதாகச் செய்தார்கள், பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், எபிசோடு முடிவில் வரும் பாட்டையும் காணோம். 2021இல் அமெரிக்காவில் புளூ-ரே வந்தபோதும் சாதாப் பதிப்பில் இருப்பது அந்தப் புது மொழிபெயர்ப்புதான். 'டிராகன் பால் இசட்' இன்னொரு விதம். 291 எபிசோடும் பழைய சதுர டிவிக்கு வரைந்தவை, அமெரிக்காவில் 2007இல் இருந்து வந்த ஆரஞ்சு நிறப் பெட்டிகளில் அகல டிவிக்காக மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள், பாதி இடங்களில் தலைமுடி காணாமல் போகும். 'டீமன் ஸ்லேயர்' வாங்குபவர்கள் ரயில் கதை இரண்டு விதமாக இருப்பதைக் கவனியுங்கள், 2020இல் வந்த திரைப்படம் ஒன்று, அதையே 2021இல் ஏழு எபிசோடாக நீட்டியது ஒன்று, இரண்டையும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஜப்பானிலேயே நேராக வாங்கலாமே என்று தோன்றும், அதுவும் பழைய டிஸ்க் கடைகளில் விலையைப் பார்த்தால் கை பரபரக்கும். நிதானம். ஜப்பானியப் பதிப்பில் ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது. புது டிஸ்க் என்றால் இரண்டு மூன்று எபிசோடு கொண்ட ஒரு டிஸ்க்கே 6,000 யென்னுக்கு மேல் போகும். ஜிப்லி ஸ்டுடியோ படங்களின் ஜப்பானிய டிஸ்க்கில் ஆங்கில சப்டைட்டில் உண்டு, அது படம், தொடர் இல்லை. திருப்பூரில் இருந்து ஆர்டர் விஷயமாக ஜப்பான் போய்வரும் மச்சானிடம் ஏதாவது வாங்கிவரச் சொல்வதென்றால் பொம்மை சொல்லுங்கள்.

போலி டிஸ்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் ஆன்லைனில் மலிவாகப் பார்ப்பதில் பாதி அதுதான். 50 எபிசோடு மூன்று டிவிடியில், எல்லா மண்டலத்திலும் ஓடும், ஆங்கிலம், சீனம், மலாய் சப்டைட்டில், விலை அசல் பெட்டியில் கால்வாசி. கேட்கவே இனிக்கும். இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி, அதில் ஏழெட்டு எபிசோட்டுக்கு மேல் திணித்தால் சண்டைக் காட்சி வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும். சப்டைட்டில் அதைவிட மோசம். ஜப்பானியத்தில் இருந்து சீனத்துக்குப் போய், சீனத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கும், அதனால் கதாநாயகன் பெயரே சீன உச்சரிப்பில் வேறு ஆளாக மாறியிருப்பான், ஒரே ஆளுக்கு இரண்டாவது எபிசோடில் ஒரு பெயர், மூன்றாவதில் ஒரு பெயர். டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள்: கம்பெனி அச்சடித்த டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறம், வீட்டில் எரித்தது ஊதா. ஆனால் போலிக்காரர்களும் இப்போது அச்சடிக்கிறார்கள், அதனால் வெள்ளி என்றாலே அசல் என்று ஆகிவிடாது. மலேசியா, சிங்கப்பூரில் முறையாக உரிமம் வாங்கி வெளியிட்டவையும் உண்டு, அந்த நாட்டுப் பெட்டி என்றாலே போலி என்று ஒதுக்கவும் கூடாது. அட்டையில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உரிமக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா, அந்தத் தொடரின் உரிமம் அந்தக் கம்பெனியிடம்தானா என்று தேடிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. டிஸ்கோடெக் என்ற அமெரிக்கக் கம்பெனி பழைய தொடர்களைச் சாதா அளவுப் படமாகவே புளூ-ரேயில் அடைத்து ஒரே டிஸ்க்கில் பல பத்து எபிசோடு தருகிறது, அது அசல், பயப்பட வேண்டாம்.

எங்கே வாங்குவது? பல வருடம் எல்லோரும் சொன்ன கடை ரைட் ஸ்டஃப். 2022இல் அதை அனிமே ஸ்ட்ரீமிங் கம்பெனியான கிரன்ச்சிரோல் வாங்கியது, 2023இல் தன் கடையோடு சேர்த்துவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். அமெரிக்க அமேசான், ஈபே, பிரிட்டனில் அனிமே லிமிடெட், ஆஸ்திரேலியாவில் மேட்மேன், இவற்றைச் சுற்றித்தான் தேடல். ஒரு கடை இந்தியாவுக்கு அனுப்புமா என்பது கூடையில் போட்டு பின்கோடு கொடுத்தால்தான் தெரியும், முகப்பில் உலகம் முழுக்க என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். யுபிஐ அங்கே எடுபடாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் போய் நாமேதான் திறக்க வேண்டும், 2020 மார்ச்சில் இருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வாங்கி முடித்ததும் திரும்ப அடைத்துவிடுங்கள்.

சுங்கவரி உண்டு. டிஸ்க் விலைக்கு மட்டுமில்லை, அனுப்பும் செலவும் சேர்ந்த மதிப்புக்கு வரியும், அதன் மேல் ஐஜிஎஸ்டியும். பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லும் பழைய யோசனை இப்போது செல்லாது, 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். கூரியரில் வந்தால் ஆதாரோ பான் கார்டோ கேட்பார்கள், அந்த மெயிலைக் கவனிக்காமல் விட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும். அனுப்பும் செலவுதான் பெரிய அடி என்பதால் ஒவ்வொன்றாக வாங்காமல் நாலைந்து பெட்டியை ஒட்டுக்கா வாங்குவது நல்லது, கூட்டாளிகள் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது.

தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.எஃப். நம்பரும் (நிலத்தின் சர்வே எண்) தோட்டத்தின் பெயரும் நமக்கு முகவரி, வெளிநாட்டுக் கடையின் படிவத்துக்கு அது முகவரியாகத் தெரியாது, முப்பது எழுத்தோடு வெட்டிவிடும். முதல் வரியில் ஊர், இரண்டாம் வரியில் அஞ்சலகம், மாவட்டம், பின்கோடு, போன் நம்பர். மீதியை டெலிவரிப் பையன் கூப்பிடும்போது பால் சொசைட்டியில் இருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவில் மாமன் மகனோ பெரியப்பா பையனோ இருந்தால் அவர்கள் வீட்டுக்கே தாட்டிவிட்டு, நோம்பிக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு. துணிக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ப்ளேயரையும் அப்படியே கேட்கலாம், ஆனால் அதற்கு உறவு கொஞ்சம் நெருக்கமாக இருக்க வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் டிஸ்க்கில் வருமா என்று கேட்பவர்களுக்கு: வராது. தமிழ் டப்பிங் கிரன்ச்சிரோலில் சில தொடர்களுக்கு உண்டு, 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் இங்கே தியேட்டருக்கே தமிழில் வந்தது, ஆனால் டிஸ்க் என்றால் ஆங்கிலம்தான். அந்த ஆங்கில எழுத்தும் டிஸ்க்கில் எழுத்தாக இல்லை, ஒவ்வொரு வரியும் படமாக வைக்கப்பட்டிருக்கும், அதனால் பொதுவாக ப்ளேயரில் அதைப் பெரிதாக்க வழி இருக்காது. ஹால் கடைசியில் ஈசி சேரில் உட்கார்ந்து பார்க்கும் அப்பாவுக்குத் தெரியவில்லை என்றால் சேரைத்தான் நகர்த்த வேண்டும்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை போனில் வீடியோ எடுங்கள், உடைந்திருந்தால் அது இல்லாமல் பேச முடியாது. பெட்டிக்குள் நடுவில் டிஸ்க்கைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பல் உடைந்து, டிஸ்க் வழியெல்லாம் உருண்டு கீறியிருப்பது அடிக்கடி நடப்பது, குலுக்கினாலே சத்தம் கேட்கும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள், நடுவில் வரும் எபிசோடையும் கடைசி எபிசோடையும் ஓட்டுங்கள், டிஸ்க்கின் வெளி ஓரமும் அடுக்கு மாறும் இடமும்தான் முதலில் தகராறு செய்யும். அழுக்கு இருந்தால் மெல்லிய துணியால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக இல்லை. பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஈரம் ஏறும், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பாக்கெட்டை எறியாமல் அங்கே போட்டு வைக்கலாம்.

அப்புறம் ப்ளேயர் அமைப்பில் ஒலி ஜப்பானியம், சப்டைட்டில் ஆங்கிலம் என்று ஒருமுறை வைத்துவிடுங்கள். அமெரிக்க டிஸ்க் பெரும்பாலும் டப்பிங்கில்தான் தானாக ஆரம்பிக்கும், சில டிஸ்க்குகள் ப்ளேயர் அமைப்பையும் மதிக்காது, அதற்கு டிஸ்க் மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தால் சப்டைட்டிலை அணைக்க விடாத டிஸ்க்குகளும் இருக்கின்றன, மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம், அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே ஏ மண்டலம் என்பதால் மலிவான அமெரிக்க டிஸ்க்கை ஜப்பானியர்கள் வாங்கிவிடக் கூடாது என்று செய்து வைத்த ஏற்பாடு அது.